அந்தப் பூஜ்யம் எங்கிருந்து வந்தது? அமெரிக்க டிரக் டிரைவர் காத்திருக்கும் நேரத்தின் கதை

இன்னைக்கு எபிசோடு ஒரு பூஜ்யத்துல ஆரம்பிக்குது.

மூணு வருஷத்துக்கு முன்னாடி நான் ஒரு அமெரிக்க க்ளையண்ட்டுக்கு வேலை பார்த்தேன். ஆன்லைன் ஆர்டர் சரக்கை ஒரு வேர்ஹவுஸ்ல இருந்து இன்னொரு வேர்ஹவுஸுக்கு டிரக்ல அனுப்பத் திட்டம் போடற சாஃப்ட்வேர் அது. எந்த டிரெய்லர் எத்தனை மணிக்கு எந்தக் கதவுக்கு வரணும், லேட் ஆனா எவ்வளவு நஷ்டம், இதையெல்லாம் கணக்குப் போட்டு மொத்தச் செலவு குறைவா வர்ற அட்டவணையைக் கொடுக்கணும். ஒவ்வொண்ணுக்கும் மணிக்கு இவ்வளவுன்னு ஒரு செலவு உண்டு. வேர்ஹவுஸ் கதவு சும்மா கிடந்தா ஒரு தொகை. டிரெய்லர் சும்மா நின்னா ஒரு தொகை. சரக்கு லேட் ஆனா பெரிய தொகை. டிரைவர் காத்திருந்தா? அந்த ஃபீல்டுல 0 இருந்துச்சு.

நான் பக்னு நினைச்சு டிக்கெட் போட்டேன். ரெண்டு நாள் கழிச்சு ஒரே வரியில பதில் வந்துச்சு: "மதிப்பு சரிதான், மாற்ற வேண்டாம்."

ஒரு பொருள் இலவசம்னு ஆப்டிமைசர்கிட்ட சொன்னா அது அதை அள்ளிச் செலவு பண்ணும். எங்க சாஃப்ட்வேரும் அதைத்தான் பண்ணுச்சு. கதவு ஒரு நிமிஷம்கூடக் காலியா இருக்காது. வாசல்ல டிரைவர் மூணு மணி நேரம் நிப்பார். நம்ம ஊர் லாரிக்காரங்க இதை ஹால்டிங்னு சொல்லுவாங்க. அந்த ஹால்டிங்குக்கு அங்க விலையே இல்லையான்னு தேட ஆரம்பிச்சேன். தேடத் தேட 1930கள் வரைக்கும் போக வேண்டியதாச்சு.

முதல்ல கணக்கு

அமெரிக்காவில் 'ரீஜினல்' டிரைவர்னு ஒரு வகை உண்டு. நாடு முழுக்கச் சுத்தாம, சுத்துப்பட்ட சில மாநிலங்களுக்குள்ள மட்டும் ஓட்டறவங்க. பொதுவா வாரக் கடைசியிலயாவது வீட்டுக்கு வந்துடலாம். ஆன்லைன் வியாபாரம் வளர்ந்த பிறகு இந்த வகை வேலையும் வளர்ந்துச்சு. கலிஃபோர்னியாவுல ஒன்டாரியோ, சான் பெர்னார்டினோ பக்கம் மைல் கணக்குல வேர்ஹவுஸ்கள் நிக்குது. அங்க 53 அடி டிரெய்லரை மாட்டிக்கிட்டு, ஐ-10 நெடுஞ்சாலையில ஃபீனிக்ஸ் போய் இறக்கிட்டு, இன்னொண்ணை மாட்டிக்கிட்டுத் திரும்பணும்.

ஒன்டாரியோவுல இருந்து ஃபீனிக்ஸ் சுமார் 330 மைல். இந்தத் தொழில்ல ரொம்பக் காலமா மைலுக்கு இவ்வளவுன்னுதான் கூலி. ஒரு கணக்குக்காக மைலுக்கு 60 சென்ட்னு வெச்சுக்குவோம். ஒரு நடைக்கு 198 டாலர். ஆறு மணி நேரத்துல வேலை முடிஞ்சா மணிக்கு 33 டாலர், நல்ல கூலி. அதே நடையில வாசல்ல நாலு மணி நேரம் நின்னா மொத்தம் பத்து மணி நேரம், மணிக்கு 20 டாலர்கூட வரலை. டிரைவர் பண்ணின வேலை ஒண்ணுதான். தாமதம் வேர்ஹவுஸோடது, கூலி குறைஞ்சது டிரைவருக்கு.

ரெண்டு மணி நேரத்துக்கு மேல நிக்க வெச்சா 'டிடென்ஷன்'னு ஒரு கட்டணம் உண்டு. ஆனா முதல் ரெண்டு மணி நேரம் இலவசம்ங்கறது வழக்கம். அதுக்கு மேல வர்ற பணமும் முதல்ல டிரக் கம்பெனிக்குத்தான் போகும். அதுல டிரைவருக்கு எவ்வளவு, எதுவும் உண்டாங்கறது கம்பெனியைப் பொறுத்தது.

இது வெறும் பணப் பிரச்சினையும் இல்ல. இப்போதைய சட்டப்படி, பத்து மணி நேர ஓய்வு முடிச்சு டிரைவர் வேலையை ஆரம்பிச்சதும் ஒரு 14 மணி நேரக் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். அதுக்குள்ள அதிகபட்சம் 11 மணி நேரம் வண்டி ஓட்டலாம். வாசல்ல நின்னாலும் பொதுவா அந்தக் கடிகாரம் நிக்காது. நாலு மணி நேரம் அங்க போச்சுன்னா மீதி பத்துதான். அரசாங்கம் அவரோட ஒவ்வொரு மணி நேரத்தையும் எண்ணுது. கூலி கொடுக்கறவங்க எண்ண வேண்டியதில்ல. இந்த முரண்பாடு எப்படி வந்துச்சு?

1934: தெருவுல ஆரம்பிச்ச சண்டை

டிரக் டிரைவர்களோட தொழிற்சங்கத்துக்கு டீம்ஸ்டர்ஸ்னு பேர். ஆரம்பிச்சது 1903-ல். அப்போ டிரக் கிடையாது, குதிரை வண்டிதான். ஜோடிக் குதிரைகளை ஓட்டறவருக்குத்தான் டீம்ஸ்டர்னு பேர். இன்னைக்கும் சங்கத்தோட சின்னத்துல ரெண்டு குதிரைத் தலை இருக்கு.

1934-ல், பொருளாதார மந்தநிலைக் காலத்துல, மினியாபோலிஸ் நகரத்துல 574-ம் எண் கிளைச் சங்கம் வேலைநிறுத்தம் பண்ணுச்சு. இங்க கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு. அவங்க டிரைவர்களுக்காக மட்டும் கேட்கலை. குடோனுக்குள்ள சரக்கு ஏத்தி இறக்கறவங்களும் எங்க சங்கத்துல இருப்பாங்கன்னு சொன்னாங்க. முதலாளிகள் ஒத்துக்கலை. வண்டியும் குடோனும் ஒரே வேலையோட ரெண்டு முனைன்னு அந்தத் தொழிலாளர்களுக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கு. எங்க சாஃப்ட்வேர்ல அது ரெண்டும் ரெண்டு தனி மாட்யூல்.

ஜூலை 20, வெள்ளிக்கிழமை. போலீஸ் துப்பாக்கியால சுட்டுச்சு. ரெண்டு பேர் செத்துப்போனாங்க, அறுபதுக்கும் மேல காயம். அந்த நாளை 'ரத்த வெள்ளி'ன்னு இன்னும் சொல்றாங்க. கவர்னர் ஃப்ளாய்ட் ஆல்சன் ராணுவச் சட்டம் கொண்டுவந்தார். ஆகஸ்ட்ல சங்கத்தோட முக்கியக் கோரிக்கைகள் ஏற்கப்பட்டு வேலைநிறுத்தம் முடிஞ்சுது.

அடுத்த வருஷம், 1935-ல், மோட்டார் கேரியர் சட்டம் வந்துச்சு. மாநிலம் விட்டு மாநிலம் போற டிரக் தொழில் முழுக்க ஐசிசி, அதாவது மாநிலங்களுக்கு இடையிலான வணிக ஆணையத்தோட கட்டுப்பாட்டுக்குப் போச்சு. 1887-ல் ரயில்வேயைக் கட்டுப்படுத்த உருவான அமைப்பு இது. யார் எந்த ரூட்ல ஓட்டலாம், என்ன சரக்கு ஏத்தலாம், என்ன வாடகை, எல்லாத்துக்கும் அனுமதி. தூக்கக் கலக்கத்துல ஓட்டி விபத்து ஆகக் கூடாதுன்னு, டிரைவர் எத்தனை மணி நேரம் ஓட்டலாம்னு விதி போடற அதிகாரமும் அதே ஆணையத்துக்கு வந்துச்சு.

1938: ஒரு சின்ன விதிவிலக்கு

இப்போதான் நம்ம பூஜ்யம் உள்ள வருது.

1938 ஜூன்ல ரூஸ்வெல்ட் நியாயமான தொழிலாளர் தரநிலைச் சட்டத்துல கையெழுத்துப் போட்டார். குறைந்தபட்சக் கூலி, குழந்தைத் தொழிலுக்குத் தடை, ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு கூலி, எல்லாம் இந்தச் சட்டத்துல இருந்து வந்ததுதான். வாரத்துக்கு 44 மணி நேரத்துக்கு மேலன்னு ஆரம்பிச்சு 1940-ல் 40 மணி நேரம் ஆச்சு.

அதுல 13(பி)(1)னு ஒரு பிரிவு. யாரோட வேலை நேரத்துக்கு ஐசிசி விதி போட முடியுமோ, அவங்களுக்கு ஓவர்டைம் கிடையாது. அப்போ சொன்ன காரணத்துல ஒரு நியாயம் இருந்துச்சு. டிரைவரோட நேரத்தைப் பாதுகாப்புக்காக ஒரு ஆணையம் ஏற்கெனவே கவனிக்குது, அதே நேரத்துக்கு ரெண்டு சட்டம் எதுக்கு?

ஆனா ஓவர்டைம்ங்கறது தொழிலாளிக்குக் கிடைக்கற கூடுதல் பணம் மட்டும் இல்ல. முதலாளி நேரத்தை வீணாக்காம இருக்கறதுக்கான விலையும் அதுதான். அந்த விலையை எடுத்துட்டா, 41-வது மணி நேரமும் 60-வது மணி நேரமும் முதலாளிக்கு ஒண்ணுதான். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் டிரைவருக்கு உண்டு. ஆனா அதை ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தனித்தனியாப் பார்க்கறதில்ல. வாரத்தோட மொத்தக் கூலியை மொத்த நேரத்தால வகுத்தா சரியா வந்தாப் போதும்னு மத்தியச் சட்டத்துக்கு விளக்கம் கொடுத்துட்டு வந்திருக்காங்க. அந்தக் குறைந்தபட்சம் 2009-ல் இருந்து மணிக்கு 7.25 டாலர்லயே நிக்குது. மைல் கணக்குக் கூலியே அந்த சராசரியைத் தாண்டிடும். அதனால நாலு மணி நேரம் சும்மா நின்னதும் 'கூலி கொடுத்தாச்சு' கணக்குல சேர்ந்துடும்.

1964: பூஜ்யம் இல்லாத காலம்

கதை இங்கயே முடிஞ்சிருந்தா, சட்டம் சரியில்லைன்னு சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா சட்டம் கொடுக்காததை ஒரு தலைமுறை ஒப்பந்தம் போட்டு வாங்குச்சு.

மினியாபோலிஸ் போராட்டத்தை நடத்தினவங்கள்ல ஃபேரல் டாப்ஸ்னு ஒருத்தர். ஊருக்குள்ள மட்டும் சங்கம் இருந்தாப் பத்தாது, ஊர் விட்டு ஊர் போற நெடுந்தூர டிரைவர்களைச் சேர்த்தாதான் பலம்னு அவர் புரிஞ்சுக்கிட்டார். அவர்கிட்ட அந்த உத்தியைக் கத்துக்கிட்ட இளைஞர்தான் ஜிம்மி ஹோஃபா. ஆமா, அந்த ஹோஃபாதான். மாஃபியா தொடர்பு, சிறைத்தண்டனை, 1975-ல் காணாமப் போனதுன்னு சினிமால பார்த்திருப்பீங்க. அதெல்லாம் உண்மை. 1964 ஜனவரியில தேசிய சரக்குப் போக்குவரத்து மூல ஒப்பந்தத்தை முடிச்சதும் அவர்தான். சுமார் 4 லட்சம் பேருக்கு நாடு முழுக்க ஒரே ஒப்பந்தம்.

இந்த மாதிரி சங்க ஒப்பந்தங்கள்ல மைல் கூலியோட, தாமதத்துக்கும் வண்டி பழுதாகி நின்ன நேரத்துக்கும் மணிக் கணக்குல கூலி உண்டு. அதாவது, அன்னைக்கு என் சாஃப்ட்வேர் இருந்திருந்தா அந்த ஃபீல்டுல ஒரு எண் இருந்திருக்கும். சட்டம் அதே சட்டம்தான், பிரிவு 13(பி)(1) அப்படியேதான் இருந்துச்சு.

1980: கதவு திறந்துச்சு

அந்த அமைப்புல கோளாறே இல்லைன்னு சொல்ல மாட்டேன், நிறைய இருந்துச்சு. புது டிரக் கம்பெனி ஆரம்பிக்கணும்னா அந்த ரூட்ல பொதுமக்களுக்குத் தேவை இருக்குன்னு ஐசிசிகிட்ட நிரூபிக்கணும். ஏற்கெனவே ஓட்டற கம்பெனிகள் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். வாடகையைக் கம்பெனிகள் ஒண்ணா உக்காந்து முடிவு பண்ணும். 1948-ல் இருந்து அதுக்குச் சட்டப் பாதுகாப்பே உண்டு. பதப்படுத்தாத விவசாயப் பொருளுக்கு மட்டும் அனுமதி வேண்டாம். அப்போ உரிச்சுச் சுத்தம் பண்ணி உறைய வெச்ச கோழி விவசாயப் பொருளா, தொழிற்சாலைப் பொருளா? இந்தக் கேள்வி 1956-ல் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. விவசாயப் பொருள்தான்னு தீர்ப்பு. போறப்போ சரக்கு ஏத்தின வண்டி, திரும்ப வர்றப்போ ஏத்த அனுமதி இல்லாம காலியா வந்த கதையெல்லாம் சகஜம்.

எட்வர்ட் கென்னடி மாதிரி செனட்டர்களும் நுகர்வோர் அமைப்புகளும் இதை மாத்தணும்னு சொன்னாங்க. எதிர்த்தது யார் தெரியுமா? டீம்ஸ்டர்ஸ் சங்கமும் பெரிய டிரக் முதலாளிகளும், ஒரே அணியில. 1980 ஜூலை 1 அன்னைக்கு ஜிம்மி கார்ட்டர் புது மோட்டார் கேரியர் சட்டத்துல கையெழுத்துப் போட்டார். அப்போ ஐசிசி அனுமதி வாங்கின டிரக் கம்பெனிகள் சுமார் 18 ஆயிரம். பத்தே வருஷத்துல அது ரெண்டு மடங்குக்கு மேல போச்சு.

வாடகை குறைஞ்சுது. கடையில பொருள் வாங்கறவங்களுக்கு அதோட பலன் கிடைச்சுது. ஆனா முழு டிரெய்லர் லோடு ஓட்டற பகுதியில சங்கம் கிட்டத்தட்ட இல்லாமலே போச்சு. புதுசா வந்த கம்பெனிகளுக்குப் பழைய ஒப்பந்தத்துல இடம் இல்ல. ஒப்பந்தம் போனதும் காத்திருப்புக் கூலியும் போச்சு. மைல் கூலி மட்டும் மிச்சம். மைக்கேல் பெல்சர்னு ஒரு பேராசிரியர், தானும் முன்னாடி டிரக் ஓட்டினவர். 2000-ல் வெளிவந்த தன்னோட புத்தகத்துக்கு அவர் வெச்ச தலைப்பையே தமிழ்ல 'சக்கரத்தின் மேல் ஓடும் சுரண்டல் பட்டறைகள்'னு சொல்லலாம். சம்பளம் கொடுக்காத வேலை நேரம்தான் அதுல முக்கியமான வாதம்.

2004-ல் இன்னொரு மாற்றம். அதுவரைக்கும் நடுவுல ஓய்வு எடுத்தா வேலை நேரக் கடிகாரத்தை நிறுத்தி வைக்க முடிஞ்சுது. பாதுகாப்புக்காகன்னு கொண்டுவந்த 14 மணி நேர விதி அதை நிறுத்துச்சு. வாசல்ல போற ஒவ்வொரு மணி நேரமும் இப்போ திரும்பி வராது.

ரெண்டு நாள், ஒரு நாள், இன்னைக்கே

2005 பிப்ரவரியில அமேசான் 'பிரைம்' ஆரம்பிச்சது. வருஷத்துக்கு 79 டாலர் கட்டினா ரெண்டு நாள்ல டெலிவரி. 2013 கிறிஸ்துமஸ்ல பார்சல் வெள்ளத்தைக் கூரியர் கம்பெனிகளால தாங்க முடியாம ஏகப்பட்ட பரிசுகள் லேட்டாப் போய்ச் சேர்ந்துச்சு. அதுக்கப்புறம் அமேசான் சொந்தமாப் போக்குவரத்து வலையைக் கட்ட ஆரம்பிச்சது. 2015 டிசம்பர்ல தன் பேர் போட்ட ஆயிரக்கணக்கான டிரெய்லர்களை அறிவிச்சது. டிரெய்லர்ல அமேசான் பேர் இருந்தாலும், அதை இழுக்கற வண்டியும் டிரைவரும் பெரும்பாலும் ஒப்பந்தக் கம்பெனியோடது. 2019-ல் ரெண்டு நாள்ங்கறது ஒரு நாள் ஆச்சு.

வேகமா டெலிவரி கொடுக்கணும்னா சரக்கு ஊருக்குப் பக்கத்துலயே இருக்கணும். அதனால வேர்ஹவுஸ்கள் பெருகுச்சு, ஒவ்வொரு நடையோட தூரமும் குறைஞ்சுது. டிரைவருக்கு நல்லதுதானேன்னு தோணும். வீட்டுக்குச் சீக்கிரம் வரலாம், அது நிஜமான நல்லது. ஏற்கெனவே லோடு ஏத்தி வெச்ச டிரெய்லரை மாட்டிக்கிட்டுக் கிளம்பற முறையில சில இடங்கள்ல காத்திருப்பும் குறையும். ஆனா மைல் கூலிங்கறது நீண்ட தூரத்துக்குன்னு பொறந்த கணக்கு. 1,500 மைல் ஓட்டறவருக்கு ரெண்டு வாசல். 300 மைல் ஓட்டறவருக்கும் ரெண்டு வாசல். தூரம் குறையக் குறைய, வாசல்ல போற நேரத்தோட பங்கு கூடுது. அதனால சில கம்பெனிகள் நாள் கூலிக்கோ மணிக் கூலிக்கோ மாறியிருக்கு. மாறாத இடத்துல, டிரெய்லர் ரெடியாகாத அன்னைக்கு டிரைவர்தான் நஷ்டத்தைச் சுமக்கறார்.

2017 டிசம்பர் 18-ல் இருந்து பெரும்பாலான டிரக்குகள்ல எலெக்ட்ரானிக் லாக் கட்டாயம் ஆச்சு. என்ஜினோட இணைஞ்ச ஒரு கருவி. அதுக்கு முன்னாடி காகித நோட்டுதான். அதுல எழுதறது அவ்வளவு நம்பகம்ங்கறதால டிரைவர்களே அதை 'காமிக்ஸ் புக்'னு கிண்டல் பண்ணுவாங்க. வாசல்ல போன நேரத்தை ஓய்வுன்னு எழுதிட்டு ராத்திரி ஓட்டி ஈடுகட்டுவாங்க. ஆபத்தான பழக்கம். கருவி அதை நிறுத்துச்சு, ஆனா ஈடுகட்ட வேற வழி எதையும் கொடுக்கலை.

அடுத்த மாசமே, 2018 ஜனவரியில, அமெரிக்கப் போக்குவரத்துத் துறையோட தணிக்கை அலுவலகம் ஒரு அறிக்கை வெளியிட்டுச்சு. வாசல்ல நிக்கற சராசரி நேரம் 15 நிமிஷம் கூடினா, விபத்து விகிதம் 6.2 சதவீதம் கூடும்னு மதிப்பீடு. முழு லோடு ஓட்டற டிரைவர்கள் இதனால வருஷத்துக்கு 110 கோடியில இருந்து 130 கோடி டாலர் வரைக்கும் வருமானம் இழக்கறாங்கன்னு இன்னொரு மதிப்பீடு. 1938-ல் ஓவர்டைம் வேண்டாம்னு சொன்னதுக்குக் காரணம் பாதுகாப்பு விதி இருக்குங்கறது. 80 வருஷம் கழிச்சு, அந்தப் பாதுகாப்பையே காத்திருப்பு கெடுக்குதுன்னு அரசாங்கத்தோட சொந்த அறிக்கையே சொல்லுது.

2022-ல் அந்த விதிவிலக்கை நீக்க காங்கிரஸ்ல ஒரு மசோதா வந்துச்சு. நிறைவேறலை. 2023 ஜூலைக் கடைசியில, பழைய ஒப்பந்தத்தோட பெரிய தூண்கள்ல ஒண்ணான யெல்லோ கம்பெனி மூடுச்சு. சுமார் 30 ஆயிரம் வேலை போச்சு.

மறுபடி என் டிக்கெட்

இதெல்லாம் படிச்ச பிறகு க்ளையண்ட் அனுப்பின அந்த ஒரு வரியைத் திரும்பப் பார்த்தேன். அவங்க பொய் சொல்லலை. அவங்க கணக்குல டிரைவர் காத்திருந்தா செலவு நிஜமாவே பூஜ்யம்தான். செலவே இல்லைன்னு அர்த்தம் இல்ல. அதை வேற யாரோ கட்டறாங்க, அவங்க நம்ம டேட்டா மாடல்ல இல்ல.

நான் பண்ணினது ரொம்பச் சின்ன வேலை. பூஜ்யத்தை மாத்த எனக்கு அதிகாரம் இல்ல. வாராந்திர ரிப்போர்ட்ல ஒரு வரி சேர்த்தேன்: மொத்த டிரைவர் காத்திருப்பு, மணி நேரத்துல. டேட்டா ஏற்கெனவே இருந்துச்சு, யாரும் கூட்டிப் பார்க்கலை. முதல் வாரம் வந்த எண்ணைப் பார்த்துட்டு க்ளையண்ட் மேனேஜர் ஒருத்தர் மீட்டிங்ல கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். ரெண்டு வேர்ஹவுஸ்ல அப்பாயின்ட்மென்ட் இடைவெளியை மாத்தினாங்க. காத்திருப்பு குறைஞ்சுது. ஆறு மாசம் கழிச்சு வேற டீம் வந்தப்போ அந்த வரியை ரிப்போர்ட்ல இருந்து எடுத்துட்டாங்க.

அது எனக்கு இன்னும் உறுத்துது. தெரிஞ்சா மட்டும் போதாதுன்னு 1964 சொல்லுது. அன்னைக்கு அந்த ஃபீல்டுல எண்ணைப் போட்டது ரிப்போர்ட் இல்ல, ஒப்பந்தம்.

இதைக் கேக்கறவங்கள்ல பல பேர் சென்னையிலயோ பெங்களூருலயோ உக்காந்து யாரோ ஒருத்தரோட வேலை நேரத்துக்கு அட்டவணை போடற கோட் எழுதறீங்க. நாளைக்கு ஆஃபீஸ் போனதும் உங்க காஸ்ட் ஃபங்ஷனைத் திறந்து பாருங்க. எங்கெல்லாம் பூஜ்யம் இருக்கு, அதை யார் கட்டறாங்கன்னு பாருங்க. கிடைச்சதை எங்களுக்கு எழுதி அனுப்புங்க, க்ளையண்ட் பேர் வேண்டாம். அடுத்த எபிசோடுல அதைப் பத்திப் பேசலாம்.